கேட்காத வரைக்கும்

"சாக்குத் தைக்கிற ஊசியில ரெண்டு வகை இருக்குதுங்க," என்றாள் வேம்பு. "ஒண்ணு நேரா இருக்கும். இன்னொண்ணு நுனியில வளைஞ்சிருக்கும். நேரா இருக்கிறதை மொதல்ல சொல்றேன்."

நம்புராணியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கவனமானி லேசாக அதிர்ந்தது. எதிர்ச் சுவரில் இருந்த விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. அதன் கீழே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுவிட்டது.

"அக்கா, மஞ்சள்," என்றாள் ஒளிபரப்புக் கருவியின் அருகே உட்கார்ந்திருந்த ஜெனிட்டா.

நம்புராணி தொடையைக் கிள்ளிக்கொண்டாள். பதில் சொல்ல முடியாது. கேட்பு அமர்வில் கேட்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. வேம்பு நேர் ஊசியை விட்டு, அதில் நூல் கோக்கும் முறைக்குப் போயிருந்தாள். நூலை எச்சில் தொட்டு முறுக்குவது ஒரு விதம். மெழுகு தடவி முறுக்குவது இன்னொரு விதம். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விளக்கு ஒரு கணம் பச்சையானது, மறுபடி மஞ்சளானது. கொழுவைத்துறைப் புயல் காப்பகத்தின் அந்தக் கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தமும் ஊசியும் நூலும்தான் இருந்தன.

ஒரு மணி நேரம் முடிந்தபோது கடிகாரத்தில் அரை நிமிடம்தான் கூடியிருந்தது.

கேட்புச் சட்டம் வந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு கூட்டத்தாரை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து கிளப்பவோ, அவர்களுடைய பிழைப்பைத் தடுக்கவோ யார் உத்தரவு போட்டாலும் சரி, போட்டவர் அந்த மக்கள் பேசுவதை மூன்று மணி நேரம் முழுக் கவனத்தோடு கேட்டாக வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி அது பொதுவலையில் ஒளிபரப்பாக வேண்டும். அதுவரை உத்தரவு செல்லாது. கவனம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கவனமானி சொல்லிவிடும்; பச்சை எரியும் நேரம் மட்டும்தான் கணக்கில் சேரும். சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும் அந்தக் கருவியை முதலில் செய்தவர்கள் விளம்பரக்காரர்கள். விளம்பரம் ஓடும்போது வீட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா, சும்மா திரை முன் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அறிவதற்காகச் செய்தார்கள். சோப்பு விற்பவனுக்கு உதவும் கருவி, மனுக் கொடுக்கப் போய் வாசலில் நிற்பவனுக்கும் உதவட்டுமே என்று மக்கள் ஒளிபரப்புக் குழு ஒன்று கேட்டது. அதிலிருந்து பிறந்தது சட்டம்.

முதல் இரண்டு வருடங்கள் ஜனங்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கேட்பு அமர்வுகளைப் பார்த்தார்கள். சூளைத் தொழிலாளி பேசிக்கொண்டிருக்கும்போது அதிகாரியின் விளக்கு மஞ்சளானால் டீக்கடையே எழுந்து நின்று கூச்சல் போட்டது. பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் கவனமானி வாங்கி வைத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் காதில் அதை ஒட்டச் சொல்லி, சம்பந்தம் முறிந்த கதைகளும் உண்டு.

நம்புராணியை நாடு அறிந்தது அந்தக் காலத்தில்தான். அப்போது கொழுவைத்துறைக் கடலில் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டு மின்சாரம் எடுக்கப் போவதாகச் சொல்லி, பாசி எடுக்கும் பெண்கள் யாரும் கடலில் இறங்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. அந்தப் பெண்கள் இடுப்பளவு நீரில் நடந்துபோய், பார் என்று அவர்கள் சொல்லும் பவளத் திட்டுகளில் மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுப்பவர்கள். மாவட்ட அதிகாரி எதிரே உட்கார்ந்து கேட்டார். மூன்று மணி நேரத்தில் அவருடைய விளக்கு இரண்டே தடவைதான் மஞ்சளானது. முடிந்ததும் அவர் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, பாரையும் அதன் கரையையும் பராமரிக்கும் உரிமையே பாசிப் பெண்கள் சங்கத்துக்கு வந்தது. நம்புராணி சங்கத் தலைவி ஆனாள். இப்போது உத்தரவு போட்டிருப்பது அவள்.

அவள் புயல் காப்பகத்தை விட்டு வெளியே வந்தபோது பவளக்கொடி வேலியருகே நின்றிருந்தாள். நம்புராணியின் கணவருடைய தங்கை. சங்கத்தின் செயலாளர். கூட நான்கைந்து பெண்கள்.

"என்ன மதினி, இன்னைக்கு என்ன கதை?"

"சாக்கு ஊசி."

"நேத்து ஆட்டுக்கு வாய்ப்புண்ணு. அதுக்கு முந்தி தண்ணிக் குழாய் அடைப்பு." பவளக்கொடி கையிலிருந்த பாசிக் கொத்தை நீட்டினாள். அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் கல் ஒட்டியிருந்தது. "இதைப் பாரு. வேரோட, கல்லோட. மேக்குப் பாருல முக்கால்வாசி மொட்டையாயிருச்சு. இரும்புச் சுரண்டிய வச்சு வழிக்கிறாளுக. அடுத்த வருசம் நம்ம புள்ளைக எதை எடுக்கும்?"

அதில் பொய் எதுவும் இல்லை. வேம்புவும் அவளோடு வந்த நாற்பது குடும்பங்களும் காவிரியின் கடைமடையில் வயல்வேலை செய்தவர்கள். வடிகால் வழியாகக் கடல் உள்ளே ஏறி, வயல் உப்பாகி, ஊர் இல்லாமல் போனவர்கள். அரசாங்கம் அவர்களைக் கொழுவைத்துறைக்குக் கொண்டுவந்து காப்பகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. வேறு பிழைப்பு இல்லாமல் அவர்களும் பாசிக்கு இறங்கினார்கள். ஓராண்டிலேயே பார் வெளுக்க ஆரம்பித்தது. சங்கம் கூடி, வந்தேறிக் குடும்பங்கள் கடலில் இறங்கக் கூடாது, கொட்டகையையும் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலைவி என்ற முறையில் நம்புராணி ஒப்பமிட்டாள். ஒப்பமிடும்போது அவளுக்குக் கேட்பு அமர்வைப் பற்றிப் பயம் இல்லை. கேட்கிறதுதானே, நமக்கென்ன கஷ்டம் என்றுதான் நினைத்தாள்.

"நாளைக்கும் இப்படியே போச்சுன்னா," என்றாள் பவளக்கொடி, "சட்டமாவது கிட்டமாவது, நாங்களே போயி கொட்டகைத் தகரத்தைப் பிரிச்சிருவோம். நீ தடுக்கக் கூடாது."

"அவசரப்படாத."

"பாருதான் அவசரப்படுது மதினி. நான் இல்ல."

பெண்கள் போன பிறகு ஜெனிட்டா கருவிகளைப் பெட்டியில் அடுக்கியபடி வெளியே வந்தாள். கேட்பு ஆணையத்தின் ஒளிபரப்பாளர். பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. இருபத்தெட்டு வயது.

"எத்தனை பேரு பாத்தாக இன்னைக்கு?" என்று கேட்டாள் நம்புராணி.

"பதினாலு பேருக்கா. அதுல மூணு பேரு எங்க ஆபீஸ்."

"நான் பேசுனப்ப ரெண்டு கோடின்னு சொன்னாக."

"இப்ப எந்த அமர்வையும் யாரும் பாக்குறதில்லக்கா. எல்லா எடத்துலயும் இப்படித்தான் பேசுறாங்க." ஜெனிட்டா சற்றுத் தயங்கினாள். "அதுக்குப் பேரே இருக்கு. சலிப்புரைன்னு சொல்றாங்க. ராமநாதபுரத்துல பயிற்சிகூடக் குடுக்குறாங்களாம். எப்படிப் பேசுனா கேக்குறவங்களுக்குக் கவனம் நிக்காதுன்னு."

"எதுக்கு? பேசத்தானே அம்புட்டுப் போராட்டமும்?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. வேலை போயிரும்," என்றாள் ஜெனிட்டா. "அவங்களையே கேளுங்க."

நம்புராணி நேராகக் கொட்டகைப் பக்கம் போனாள். அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. வேம்பு மணலில் சாக்கு விரித்துப் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய நம்புராணியின் வயதுதான். ஒல்லியான உடம்பு. உள்ளங்கைகள் வயல்வேலைக்காரர்களுக்குரிய காய்ப்போடு இருந்தன. விரல்நுனிகளில் பார் கிழித்த புதுக் காயங்கள்.

"வேணும்னே பண்றியா?" என்றாள் நம்புராணி.

வேம்பு நிமிர்ந்தாள். மறைக்க முயலவில்லை.

"ஆமாங்க."

"நாடு முழுக்கப் பாக்குற மாதிரி உனக்கு மைக்கு குடுத்திருக்காக. எத்தனை பேரு செத்துச் செத்து வாங்குனது தெரியுமா அது? அதுல ஊசியையும் நூலையும் பேசுற. உனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

"நெறைய இருக்குதுங்க."

"அப்பச் சொல்லு! நான் கேக்குறேன்."

"கேட்டீங்கன்னா?" வேம்பு கையிலிருந்த பாசியைக் கீழே வைத்தாள். "நான் நல்லாப் பேசுனா உங்களுக்குப் பச்சை விழும். மூணு மணி நேரம் பச்சை விழுந்தா உங்க உத்தரவு செல்லும். மறுநாள் நாங்க மூட்டை கட்டணும். கேட்டவங்க மனசு மாறணும்னு சட்டத்துல எங்கயும் இல்லீங்க. கேட்டாப் போதும்னுதான் இருக்குது. நீங்க எங்களைக் கேக்காத வரைக்கும்தாங்க எங்களுக்கு இங்க எடம்."

நம்புராணி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் பேசுனேன். அந்த ஆபீசர் மனசு மாறுனாரே."

"அவரு மாறுனாரு. அதுக்கப்புறம் வந்தவங்க கேக்கப் பழகிட்டாங்க. நெல்லூரணியில ஒரு ஆபீசர், மூணு மணி நேரமும் பச்சையாவே உக்காந்திருந்தாராம். கண்ணுல தண்ணிகூட வந்துச்சாம். எழுந்து, தொடைச்சுட்டு, காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." வேம்பு பாசியைத் திருப்பிப் போட்டாள். "அன்னையிலேர்ந்துதான் இந்த ஊசி நூலெல்லாம்."

வீட்டுக்கு நடக்கும்போது நம்புராணிக்குக் காதில் ஏதோ அடைத்தமாதிரி இருந்தது. கவனமானியைக் கழற்றிய பிறகும் அது ஒட்டியிருப்பதுபோலவே இருந்தது. தன் பேச்சால்தான் எல்லாம் மாறியது என்று ஐந்து வருடமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். மேடைகளில் அதைச் சொல்லியும் இருக்கிறாள். வாய் திறந்தால் வழி பிறக்கும் என்று மற்ற ஊர்ப் பெண்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இங்கே ஒருத்தி, வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்று பயந்து, நாட்டுக்கே கேட்கும் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்து, எதையும் சொல்லாமல் இருப்பதற்காகப் பாடுபடுகிறாள். அவளைப் பயமுறுத்துவது நம்புராணியின் காது.

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் அவசரக் கூட்டம் கூட்டினாள்.

"உத்தரவை ரத்துப் பண்ணப் போறேன்," என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. பவளக்கொடி சிரிக்கவில்லை.

"மதினி, ரத்துப் பண்ணுனா ஒரு வருசத்துக்கு அதே உத்தரவை மறுபடி போட முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வருசத்துல பாருல கல்லுதான் இருக்கும். பாசி இருக்காது."

"இப்ப மட்டும் என்ன நடக்குது? அவ ஊசி நூலு பேசிக்கிட்டே ஒரு வருசத்தை ஓட்டுவா. நான் தூங்கி விழுந்துக்கிட்டே ஓட்டுவேன். அப்பவும் அவுக சுரண்டிக்கிட்டுத்தான் இருப்பாக. உத்தரவு கையில இருக்கிற வரைக்கும் அவ எங்கிட்டப் பேச மாட்டா, பவளம். பேசாம எப்படிச் சுரண்டிய வாங்குவ?"

"புடுங்குவேன்."

"நாப்பது குடும்பத்துக்கிட்ட இருந்தா? அன்னைக்குத் தகட்டுக்காரனுக்காக நம்ம கையில இருந்து முங்குற கண்ணாடியையும் மிதியடியையும் போலீஸ் புடுங்குனப்ப நீ என்ன செஞ்ச? மறுநாள் புதுசு வாங்கிக்கிட்டு இறங்குனியா இல்லையா?"

பவளக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது சரியா வரலன்னா?"

"தலைவி வேணாம்னு விட்டுட்டுப் போயிர்றேன். எங்கூடப் பேசாட்டியும் சரி."

"பேசமாட்டேன்தான்," என்றாள் பவளக்கொடி. சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். போகும் வழியில் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எட்டி உதைத்தது எல்லோருக்கும் கேட்டது. உத்தரவைத் தலைவி மட்டுமே ரத்துச் செய்யலாம் என்பதால் நம்புராணி தன் கைப்பேசியில் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து பெருவிரலை வைத்தாள்.

அன்று மதியம் கூடத்துக்கு வந்தபோது ஜெனிட்டா பதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உத்தரவு ரத்துன்னு வந்திருச்சு. அப்பன்னா அமர்வே கெடையாது. நான் பெட்டியக் கட்டணும்."

"இன்னைக்கு மணி நேரம் ஒதுக்கியாச்சா இல்லையா?"

"ஒதுக்கியாச்சு."

"அப்ப இருக்கட்டும்."

ஜெனிட்டா ஒரு கணம் கதவைப் பார்த்தாள், ஒரு கணம் கருவியைப் பார்த்தாள். பிறகு நம்புராணியின் காதில் கவனமானியை ஒட்டிவிட்டு, ஒளிபரப்புப் பொத்தானை அழுத்தினாள். பொதுவலையில் அன்று எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேம்பு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய ஆட்கள் சிலர் சுவரோரம் நின்றார்கள். யாரும் நம்பவில்லை என்பது அவர்களுடைய முகத்தில் தெரிந்தது.

"நெசமாவே ரத்துப் பண்ணிட்டீங்களா?" என்று வேம்பு ஜெனிட்டாவைப் பார்த்துக் கேட்டாள்.

"பண்ணிட்டாங்க. இனி ஒரு வருசத்துக்கு உங்களைக் கிளப்ப அவங்களால முடியாது. நீங்க பேசுனாலும் முடியாது, பேசாட்டியும் முடியாது."

ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் பளபளத்தது. வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவள் தோள்கள் இறங்குவதை நம்புராணி பார்த்தாள். தலையில் இருந்த சுமையை யாரோ கைகொடுத்து இறக்கியதுபோல.

"உங்களை நான் மொதல்ல பாத்தது இங்க இல்லீங்க," என்று ஆரம்பித்தாள் வேம்பு. "எங்க ஊருக்குள்ள தண்ணி வந்து, பள்ளிக்கூடத்துல கொண்டாந்து வச்சிருந்தாங்க. அங்க ஒரு டிவி. அதுல உங்க பேச்சைத் திரும்பப் போட்டாங்க. 'கரையில இருந்து பாத்தா எங்க தலை மட்டும்தான் தெரியும். தலைய எண்ணி எழுதிக்கிட்டீக. தண்ணிக்குள்ள எங்க காலு எதுல நிக்குதுன்னு பாத்தீகளா?'ன்னு கேட்டீங்க."

சுவரில் விளக்கு பச்சையாக எரிந்தது.

"எங்க ஆளுங்க எல்லாரும் அழுதாங்க. எங்களைப் பத்திப் பேசுன மாதிரி இருந்துச்சு. நாங்களும் இடுப்பு மட்டும் சேத்துல நின்னவங்கதானே. அப்புறம் ஆபீசருங்க வந்து, மூணு எடம் இருக்கு, எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணு மில்லு. ஒண்ணு செங்கச் சூளை. இன்னொண்ணு கொழுவைத்துறை. எல்லாரும் மில்லுன்னாங்க. நான்தான் வேணாம்னேன். அங்க ஒரு பொம்பளை இருக்குது, அப்படிப் பேசுன பொம்பளை நம்மளை வெரட்டாதுன்னு சொன்னேன். நாப்பது குடும்பமும் என் பேச்சைக் கேட்டுத்தான் இங்க வந்துச்சு." அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. "உங்க உத்தரவு வந்த அன்னைக்கு எங்க ஆளுங்க யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலாம்."

நம்புராணியால் அடக்க முடியவில்லை. "இதை எங்கிட்ட வந்து சொல்லவேண்டியதுதானே!"

"அக்கா, நீங்க பேசக் கூடாது," என்றாள் ஜெனிட்டா, பழக்கத்தில். பிறகு தானே, "இல்ல, பேசலாம். இது அமர்வே இல்லையே," என்றாள்.

"வந்தேன்!" என்றாள் வேம்பு. குரல் உயர்ந்தது. "மொத வாரமே வந்தேன். உங்க சங்கத்து வாசல்ல நின்னேன். தலைவி கூட்டத்துல இருக்காங்கன்னு சொன்னாங்க. மறுநாளும் வந்தேன். அன்னைக்கும் கூட்டம். மூணாம் நாளு வந்தா, உள்ள நீங்க வெளியூருப் பொம்பளைங்களுக்கு எப்படிப் பேசணும்னு பாடம் நடத்துறீங்க. எனக்குக் கேட்டுச்சு."

"யாரு சொன்னது கூட்டம்னு?"

"நாந்தான்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். பவளக்கொடி. எப்போது வந்தாளோ தெரியவில்லை. "கூட்டம் நடந்துச்சு, கூட்டம்னு சொன்னேன். இதுல என்ன தப்பு? நீ வந்து நிக்கிறதச் சொல்ற, அதுக்குள்ள எங்க பாரை மொட்டையடிச்சதச் சொல்லு! சுரண்டியால வழிச்சா வேரோட போயிரும்னு தெரியாதா? பாசிய நுனியிலதான் கிள்ளணும். அடிய விட்டாத்தானே மறுபடி வளரும்?"

"யாரு சொல்லிக்குடுத்தா?" வேம்பு எழுந்து நின்றுவிட்டாள். "நாங்க தண்ணியில இறங்குனா நீங்க அந்தாண்ட போயிடுவீங்க. எப்படிக் கிள்ளுறீங்கன்னு பக்கத்துல வந்து பாத்தாத்தானே தெரியும்? நாங்க களை எடுக்குறவங்க தாயி! பதினோரு வயசுலேர்ந்து களை எடுக்குறேன். நுனியக் கிள்ளிட்டு வேரை விட்டா வரப்புல நிக்கிற ஆளு வாய்க்கு வந்தபடி திட்டுவான். வேரோட புடுங்குறதுதான் நல்ல வேலைன்னு பழகுன கை இது. கடல்ல வந்து அது தப்பாப் போயிடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேம்பு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

பவளக்கொடி திறந்த வாயை மூடவில்லை. நம்புராணி வேம்புவின் கைகளைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவர்களுடைய சங்கத்தில் நடந்த கூட்டங்களையெல்லாம் நினைத்தாள். வந்தவர்கள் பேராசைக்காரர்கள், பாரை அழிக்கவே வந்தவர்கள், கம்பெனிக்காரன் அனுப்பிய ஆட்கள் என்று என்னென்னவோ பேசினார்கள். களை எடுக்கிற கை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"களையா?" என்றாள் பவளக்கொடி மெதுவாக.

"பின்ன?"

"யாத்தே," என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வேம்பு கோபமாக அவளைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்புராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. மேற்குப் பாரில் எவ்வளவு நாள் யாரும் இறங்கக் கூடாது என்பதில் சண்டை. குடிதண்ணீர்க் குழாயில் கொட்டகைப் பெண்களைக் கடைசியாக நிறுத்துவதைப் பற்றிச் சண்டை. நடுவில் வேம்பு ஜெனிட்டாவிடம் திரும்பி, "அந்தக் காதுப் பொத்தான் இன்னொண்ணு இருக்குதா? எனக்கும் ஒட்டு. நானும் கேக்குறேன்னு இவங்களுக்குத் தெரியட்டும்," என்றாள். ஜெனிட்டா ஒட்டினாள்; சுவரில் இரண்டாவது விளக்கும் எரிந்தது. பவளக்கொடியும் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். ஒதுக்கிய மணி நேரம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் மூன்று விளக்கில் ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. சண்டை போடுகிறவர்கள் எதிராளியின் ஒரு சொல்லையும் தவறவிடுவதில்லை என்பதைக் கருவியைச் செய்தவர்கள் சோதித்துப் பார்த்ததே இல்லை போலும். பொதுவலையில் எட்டுப் பேர் எண்பதாயிரம் பேர் ஆகியிருந்தார்கள்.

அடுத்த வாரம் கிழக்குப் பாரில் இரண்டு கூட்டத்துப் பெண்களும் சேர்ந்து இறங்கினார்கள். நம்புராணி வேம்புவின் விரல்களில் துணி சுற்றிவிட்டாள்.

"இதோட விடு. நுனி மட்டும்."

"கை தானா அடிக்குப் போவுது."

"போகும். போனா நான் திட்டுறேன்."

"நீயுமா?" என்றாள் வேம்பு. அதுவரை சொல்லிவந்த 'நீங்க' எப்போது போயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. வேம்பு அன்று முழுக்கப் பதினைந்து தடவை திட்டு வாங்கினாள். சாயங்காலம் அவளுடைய பையில் மற்றவர்களிடம் இருந்ததில் கால்வாசிப் பாசிதான் இருந்தது. ஆனால் ஒரு கொத்தின் அடியிலும் கல் இல்லை. கரையில் பவளக்கொடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளி அதில் போட்டாள்.

கேட்பு ஆணையத்திலிருந்து தொலைபேசி வந்தது. நம்புராணி ஜெனிட்டாவுக்கு வேலை போய்விட்டதோ என்று பயந்து எடுத்தாள். பேசியவர் சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி. குரலில் தேன் ஒழுகியது. இந்த ஆண்டில் மாநிலத்திலேயே விளக்கு ஒருமுறைகூட மஞ்சளாகாத அமர்வு கொழுவைத்துறையில்தான் நடந்திருக்கிறது, அதிகாரிகள் பலர் கேட்பு முடியாமல் உத்தரவுகளை நிறைவேற்ற வழியின்றித் தவிக்கிறார்கள், அவர்களுக்கு எப்படிக் கேட்பது என்று நம்புராணி பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்.

"குடுக்கலாம் சார். ஒண்ணும் பெரிய வித்தையில்ல."

"சொல்லுங்கம்மா, குறிச்சுக்கறேன்."

"வர்றவுக எல்லாம் மொதல்ல உத்தரவை ரத்துப் பண்ணிட்டு வரணும்."

மறுமுனையில் பேனா மூடும் சத்தம் கேட்டது. "ஆலோசிச்சுச் சொல்றோம்மா," என்றார் அவர். அதன்பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. ஜெனிட்டாவின் வேலையும் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன்பு, ஒரு நாள் பதினொரு மணி பஸ்ஸில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். மலையோர மாவட்டம் ஒன்றின் வருவாய் அதிகாரி. கார் இல்லை, உதவியாளர் இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து, பெண்கள் பாசி உலர்த்தும் இடத்துக்கு வந்து, நம்புராணி யார் என்று கேட்டார். நீர்த்தேக்கம் கட்டுவதற்காக மலையில் ஐந்து குடியிருப்புகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போட்டவர் அவர். ஏழு மாதமாக அமர்வு நடக்கிறதாம். அங்கே பேசுகிறவர் மூங்கில் கம்பு வகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"நீங்க பேசுனதைப் பாத்தேம்மா," என்றார். "முந்தாநாள் ரத்துப் பண்ணிட்டேன். மேலதிகாரி கோபத்துல இருக்காரு. எனக்கு மாற்றல் வந்தாலும் வரும். ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்து நல்லாத் தூங்குனேன்." அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். "ரத்துப் பண்ணிட்டு வந்தாத்தான் சொல்லித் தருவீங்கன்னு கேள்விப்பட்டேன். வந்துட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

நம்புராணி பதில் சொல்வதற்குள் வேம்பு சாக்கைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ரத்துப் பண்ணுனதை அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. அறிவிப்பு போயிருக்கும்."

"அப்ப அங்கல்ல போகணும்? இங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.